கழற்றுமுன் அளந்தீரா?

தம்பி,

உம்முடைய வாடிக்கையாளர் ஒருவர், வெள்ளவத்தைக்காரர், தன் 121 கொரொல்லாவைப் பிரேக் வேலைக்காகப் போன கிழமை கொட்டாஞ்சேனையில் என் கராஜுக்குக் கொண்டு வந்தார். நீர் எழுதிக் கொடுத்த வேலைத்தாளையும் நீட்டினார். "பி0705. கியர் பொசிஷன் சென்சர் பழுது. பஞ்சிகாவத்தையில் எடுத்த பாவித்த சாமான் போடப்பட்டது. சரி."

என்ன சரி?

உம்முடைய தாள் சென்சர் என்கிற அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்றெல்லாம் உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பி0705 என்ற கோட் எந்தச் சாமானையும் குற்றம் சொல்வதில்லை. ரொயோட்டாவில் இரண்டு நிலைகளின் சிக்னல் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டருக்குப் போனாலே அது விழும். இரண்டாவது சிக்னல் எங்கிருந்து வந்தது என்று தேடினீரா? சுவிட்சின் கனெக்டரை இழுத்துவிட்டு, வயர் பக்கத்தில் மீற்றரைப் பிடித்திருந்தால் போதும். அப்போதும் ரிவேர்ஸ் வயரில் வோல்ட் நின்றால், சுவிட்சில் பிழையே இல்லை. இந்தக் காருக்கு ரிவேர்ஸ் கமெரா போட்டிருக்கிறார்கள். கமெரா போட்டவர் ரிவேர்ஸ் லைட் வயரைச் சுரண்டி முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார். அந்த டேப் இப்போது தொங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 வரை திறக்காமல் வைத்திருந்தார்களே, அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த பழைய கார்களுக்கெல்லாம் கமெரா, ஸ்க்ரீன், அலாரம் என்று ஏற்றினார்கள். அவற்றின் வயர்களைப் பாராமல் எந்தச் சென்சரையும் பழுது என்று எழுதாதேயும்.

அதைவிட என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது வேறொன்று. வயரின் மேல்தோலில் ஊசி குத்தி வோல்ட் பார்த்திருக்கிறீர். துளைகள் அப்படியே திறந்து கிடக்கின்றன. மரைன் டிரைவில் இரவு முழுக்க உப்புக் காற்றில் நிற்கிற கார் இது! அந்தத் துளையால் ஈரம் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். பிறகு இதே கோட் திரும்ப விழும், யாரோ ஒருவர் இன்னொரு சுவிட்ச் வாங்குவார். கனெக்டரின் பின்பக்க ரப்பர் சீலோடு ஒட்டி மெல்லிய ஊசியைச் செருகினால் ஆகாதா? வயரைக் குத்துகிற பையனை நான் கராஜுக்குள் வைத்திருப்பதில்லை.

என் குருநாதர் ஜம்பட்டா வீதியில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ் வைத்திருந்தார். கார்களுக்குள் கம்ப்யூட்டர் வராத காலம். திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லை, கியர் லீவரை ஆட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்று, இதே சுவிட்சின் தொல்லையோடு ஓட்டோமற்றிக் கார்க்காரர்கள் வருவார்கள். அவர் என்னை உள்ளே உட்கார்த்தி, லீவரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தச் சொல்லி, கீழே படுத்திருந்தபடி, வயரில் பிடித்த பல்ப் எரிகிறதா இல்லையா என்று கத்துவார். நான் சோக்கட்டியால் சீமெந்துத் தரையில் எழுத வேண்டும். எழுதி முடியாமல் ஸ்பானரைத் தொட விடமாட்டார். ஒற்றை நூல் செம்பு மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பன்னிரண்டு வோல்ட் காட்டும், பல்ப் எரியாது. ஆகவே ஸ்டார்ட்டர் வயருக்கும் ரிவேர்ஸ் லைட் வயருக்கும் பல்பையே நம்புவார். (கம்ப்யூட்டருக்குப் போகிற வயர்களில் அதைப் பிடித்துத் தொலைக்காதேயும்.)

லீவரைப் பற்றியும் தாளில் ஒரு வார்த்தை இல்லை. லீவர் சொல்வதை நம்பக்கூடாது. 2022 ஜூனில் போர்ட் கம்பனி அமெரிக்காவில் ஏறத்தாழ 29 லட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. கியர் கேபிளின் புஷ் உதிர்ந்து, லீவர் பார்க்கில் இருக்க கியர் பெட்டி வேறு நிலையில் நின்றுவிடலாம் என்பதுதான் காரணம். உம்முடைய வேலையில், நியூட்ரலில் வைத்துச் சுவிட்சின் பள்ளத்தை நியூட்ரல் கோட்டோடு நேர்ப்படுத்தினீரா? கேபிள் நட்டைத் தளர்த்தி, பெட்டியின் தண்டைப் பார்க் பக்கம் முட்டத் தள்ளி, இரண்டு பல் திரும்பவிட்டு, உள்ளே லீவரை ரிவேர்ஸ் பக்கம் இலேசாக அணைத்தபடி நட்டை இறுக்கினீரா? செய்திருப்பீர் என்றுதான் நினைக்கிறேன். எழுதவில்லையே.

தாளின் பின்பக்கத்தைப் பிறகுதான் திருப்பினேன். சுவிட்சை மாற்றியபின் பார்க், ரிவேர்ஸ், நியூட்ரல், ட்ரைவ், டூ, லோ என்று ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு வயரின் வோல்ட்டையும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஒரு கட்டம், சுட்டபின் இன்னொன்று, லீவரை ஆட்டியபடி வேறொன்று! இந்த ஊரில் இப்படி எழுதுகிற ஒருவரையும் நான் கண்டதில்லை. கொம்பனியில் படித்து வந்தவர்களும் எழுதுவதில்லை. போட்டோப் பிரதி எடுத்து என் பையன்களின் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே கட்டத்தைச் சுவிட்சைக் கழற்றுமுன் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கழற்றிய பழைய சுவிட்சை எறிந்திருக்க மாட்டீர் என்று நம்புகிறேன். மூடியைப் பிளந்து பாரும். உள்ளே செம்புத் தடம் கறுத்துத் தேய்ந்திருந்தால் நீர் சொன்னது சரி, அதை வாடிக்கையாளரிடம் நானே சொல்லுவேன். பளிச்சென்று இருந்தால் காரைத் திரும்பக் கூப்பிட்டு, கமெரா வயரைப் பிரித்துப் பாரும். அதற்குக் காசு வாங்காதேயும்.