வற்றாப்பளையா, ஒட்டுசுட்டானா, கற்சிலைமடுவா?

லீவு ஒரு கிழமைதான். அதற்குள் பிள்ளைகளுக்குப் பழைய வன்னியைக் காட்டிவிட வேண்டும். கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற குடும்பங்கள் பல, எங்கே போவது என்று தெரியாமலே மாங்குளத்தில் இறங்குகின்றன. முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியிலும் அதன் அயலிலும் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மூன்றும் மூன்று விதம்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கே போக வேண்டும். வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை, நந்திக்கடல் ஓரத்தில் நடப்பது அது. பாக்குக் கேட்டுப் பெறும் பாக்குத்தெண்டலோடு சடங்குகள் தொடங்கிவிடும். பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்பு நீரை விட்டே அங்கு விளக்கெரிப்பது வழக்கம். இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் திங்கள் விடிய வந்தால் பிந்திவிடும். ஞாயிறு இரவு காட்டா விநாயகர் பொங்கலுக்கே வந்துவிடுவது நல்லது.

மேற்கு நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு றெனசான்ஸ் சந்தை தெரிந்திருக்கும். 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ரிக்கெட் எடுத்து, பழைய இங்கிலாந்து உடுப்புப் போட்டு, அந்தக் காலத்தை நடித்துப் பார்ப்பார்கள். வற்றாப்பளையிலும் கச்சான் கடை, வளையல் கடை, விளையாட்டுச் சாமான் எல்லாம் உண்டு. ஆனால் தூக்குக்காவடியில் தொங்குகிறவர் நடிகர் அல்லர். பிள்ளைக்கு வருத்தம் மாறவேண்டும் என்றோ, காணாமற்போன மகன் வரவேண்டும் என்றோ நேர்த்தி வைத்தவராக இருக்கலாம். கமராவை நீட்டுமுன் இதை நினைக்க வேண்டும். 2009 மேயில் போர் முடிந்த கரையும் இதே நந்திக்கடல்தான். சில ஆண்டுகளில் மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தலும் பொங்கலும் அடுத்தடுத்து வரும். இரண்டுக்கும் நாள் ஒதுக்கி வருவது மிகச் சரியான தெரிவு.

சனநெரிசல் தாங்காத முதியவர்களோடு வருகிறவர்களுக்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் தோது. குரக்கன் தாளுக்குத் தீ வைத்தபோது கொன்றையடியில் ஓரிடம் மட்டும் வேகாமல் நின்றது, அங்கு மண்வெட்டி பட்டதும் இரத்தம் கசிந்தது என்பது ஐதீகம். வேகாவனப் பெருமான் என்ற பெயரும் அதனால்தான். தேர் நாளை நோட்டீஸ் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். திருவிழா இல்லாத நாளில் போனாலும் குறையில்லை.

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலேயே கற்சிலைமடு. இங்கே கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டிய இடம். 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனை, அக்டோபர் 31இல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாகச் சொல்லும் நினைவுக்கல் இங்கேதான் நாட்டப்பட்டது. கல்லில் இருந்தது தோல்வி பற்றிய செய்தி மட்டுமே, மரணம் பற்றியதல்ல. ஓகஸ்ட் 25ஐ ஒட்டி வன்னியில் நினைவு நிகழ்வுகள் நடப்பதுண்டு. வைகாசியில் வர முடியாதவர்கள் அந்த நாளைப் பார்த்துப் பயணத்தை வைக்கலாம்.

கூத்தில் ஆசையுள்ளவர்கள் முல்லைத்தீவுக்கே உரிய கோவலன் கூத்து எந்த இரவு, எங்கே ஆடப்படுகிறது என்று முள்ளியவளையில் விசாரித்துவிட்டு மற்றதைத் திட்டமிடலாம். விடியவிடிய ஆடும் கூத்துக்குப் பாயும் போர்வையும் வேண்டும். கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டியிருக்கும், வேட்டி வசதி. வைகாசி வெயிலும் சோளகக் காற்றுப் புழுதியும் கடுமை என்பதால், குழந்தைகளுக்குத் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் மறக்கக் கூடாது.