பரண் தூய்மையும் சமிதிப் பயிற்சியும்

முனிவர்கள் கைக்கொள்ளும் ஐந்து சமிதிகளுள் நான்காவது ஆதான நிக்ஷேபண சமிதி. ஐந்தாவது உத்சர்க்க சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்குத் தீங்கு நேராதவாறு பார்த்துச் செய்தல் முன்னது. கழிவை உயிர்களுக்கு ஊறு நேராத இடம் தேர்ந்து விடுத்தல் பின்னது. இவை துறவியர்க்கு விதிக்கப்பட்டனவாயினும், இல்லறத்தாராகிய நாமும் நம் அளவில் பயிலத்தக்கன. அதற்கேற்ற பாடமாக, கூரை மாற்றிய வீட்டின் பரணைத் தூய்மை செய்யும் பணியை எடுத்துக்கொள்வோம்.

கோவளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றினால் கூரையைப் பிணிக்கும் இரும்புக் கொக்கிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. 2022 டிசம்பர் 9 ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய காற்றில் ஓடுகள் பெயர்வதும் தகடுகள் உடைவதும் இயல்பே. பின்னர்க் கூரை புதிதாகிறது. பழைய கூரையின் தூசியோ பரணில் தங்கிவிடுகிறது.

இத்தூசி யாது? ஓட்டு வீடாயின் மண்ணும் புகைக்கரியும் எலிப்புழுக்கையும் கலந்திருக்கும். பழைய சிமெண்டுத் தகடாயின் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் இருக்கக்கூடும். தகட்டை உடைத்தாலும் துளையிட்டாலும் அதன் நுண்ணிழைகள் கண்ணுக்குப் புலனாகாமல் காற்றில் மிதந்து நுரையீரலில் தங்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நோய் உடனே தோன்றாது. பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் காக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் ஆணையிட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

செயல்முறை வருமாறு:

1. ஏட்டுச்சுவடி, பழைய நூல், பாத்திரம் ஆகியவற்றைக் கூரை வேலை தொடங்கும் முன்பே இறக்கிவிடுக.

2. தூய்மை செய்யுமுன் விளக்கொளியில் பரணை நோக்குக. பல்லியும் அணிலும் வெளியேற வழிவிட்டுக் காத்திருக்க. கூட்டில் குஞ்சுகள் இருப்பின் அவை வளர்ந்து செல்லும்வரை பணியைத் தள்ளிவைக்க.

3. மின்சாரத்தை நிறுத்துக. சிறிது சோப்புக் கரைத்த நீரைப் பனிபோல் தெளித்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க. உலர்ந்த துடைப்பம் கூடாது. சாதாரண தூசு உறிஞ்சும் எந்திரமும் நுண்ணிழையை மீண்டும் அறைக்குள்ளேயே உமிழும்.

4. துணி மறைப்பு கல்நாரைத் தடுக்காது. பி 100 தர வடிகட்டியுள்ள மூச்சுக்கவசம் வேண்டும். தூசி மிகுதியாயின் பயிற்சி பெற்றவரையே அழைக்க.

5. துடைத்த துணியை ஈரத்துடனேயே இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, ஊராட்சியைக் கேட்டு ஒப்படைக்க. கடல்மணலிலும் நீர்நிலையிலும் கொட்டற்க, எரிக்கவும் வேண்டா.

மென்மையான மயிற்பீலியால் பெருக்கினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். பீலியின் நோக்கம் உயிரோம்பல். உலர்ந்த கல்நார்த் தூசியில் பீலியும் இழையைக் கிளப்பும். ஆங்கே ஈரத்துணியே பீலியின் பணியைச் செய்கிறது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. இம்சை, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகைப்படும். நாம் கீழே நின்றுகொண்டு, கூலிக்கு வந்த பெண்ணை முந்தானையால் மூக்கை மூடிப் பரணில் ஏறச்சொன்னால் அது செய்வித்தலாகும். எறும்பை விலக்கி நடக்கும் நாம் அவர் மூச்சை மறக்கலாகாது. கூலியோடு கவசமும் கொடுத்தல் நம் கடமை.

பயிற்சி வினாக்கள்

1. பரண் தூய்மையில் நான்காம், ஐந்தாம் சமிதிகள் எவ்வெச்செயல்களில் அமைகின்றன?

2. உலர்ந்த துடைப்பம் ஏன் விலக்கத்தக்கது?

3. நும் இல்லத்தில் பிறரை ஏவிச் செய்விக்கும் பணிகளுள் அவர்க்குத் தீங்கு தரக்கூடியவை எவை? அதனை எவ்வாறு தவிர்ப்பீர்?