தீர்வை ரசீதில் யார் பெயர்?



"விவசாயிக்கு ஏது வரி?" என்று ஊரில் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் நிலத்துக்குத் தீர்வை உண்டு. கிஸ்தி என்றும் சொல்கிறோம். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி ஆண்டு.

தொகை சிறியது என்பதால், "இந்தச் சில்லறைக்காக ஒரு நாள் கூலியை விடவா?" என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சைக் கேளுங்கள்.

"கிணத்துல தண்ணி கம்மிக்கா. சொட்டுநீர் போட்டுக் கத்தரி வைக்கலாம்னு மனு கொடுக்கப் போனேன். பட்டா யார் பேர்லன்னு கேட்டாங்க. மாமனார் பேர்ல இருக்கு. அவரு போய்ப் பன்னெண்டு வருஷமாச்சு. வீட்டுக்காரரும் இப்ப இல்ல."

ஊக்குநர் கேட்டார்: "தீர்வை யாரும்மா கட்டுறது?"

"நான்தான். ரசீது மாமனார் பேர்லதான் வருது."

"நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் நீ. வரி கட்டுறதும் நீ. ஆனா காகிதத்துல நீ இல்லையே!"

கூட்டமே அமைதியாகிவிட்டது. பலர் வீட்டிலும் இதே கதைதான்.

விவசாயம் மாறி வருகிறது. அரசு உதவியும் வருகிறது. சிறு, குறு விவசாயிகள் சொட்டுநீர் அமைக்க, அரசு நிர்ணயித்த அளவுக்குள் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. இரண்டுக்கும் நிலப் பதிவைத்தான் பார்க்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் பெண்கள் பொறுப்பில் உள்ள சாகுபடி நிலப் பிரிவுகள் 100-க்குச் சுமார் 14 மட்டுமே. "சர்க்கார் நமக்கு ஒண்ணும் செய்யாது" என்று சலித்துக்கொள்ளும் முன், நம் காகிதத்தைப் பார்ப்போம்.

என்ன செய்யலாம்?

1. சிட்டா, அடங்கல் நகல் எடுத்து, யார் பெயர் உள்ளது என்று பாருங்கள்.

2. இறந்தவர் பெயரில் இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். பாகம் பிரியாத நிலத்துக்கு வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா கிடைக்கும். தனிப்பட்டா வேண்டுமானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

3. தீர்வை ரசீது மட்டுமே சொத்துரிமை தந்துவிடாது. ஆனாலும் நிலம் நம் அனுபவத்தில் இருப்பதற்கு அது ஒரு சாட்சி. பத்திரமாக வையுங்கள்.

4. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு உண்டு. "அண்ணன் மனசு கோணும்" என்று பயந்து, படித்துப் பார்க்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குழுவில் பேசுங்கள்:

* நம் குழுவில் எத்தனை பேர் பெயரில் பட்டா உள்ளது?
* பெயர் இல்லாதவர்களுக்கு எந்தச் சான்று குறைகிறது?
* தாலுகா அலுவலகத்துக்கு யார் துணைக்குப் போவது?

அந்தச் சகோதரி தனியாகப் போகவில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் கூடவே போனார்கள். வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தாயிற்று. வயலில் நாம் இருக்கிறோம். பதிவேட்டிலும் இருக்க வேண்டாமா?