சாவைக் கனவில் கண்டால்..?
(பௌத்தம் சொல்லும் பதில்)



விடுதியில் காலையில் எழுந்ததும் ஒருவன், "டேய், நான் செத்துட்ட மாதிரி கனாக் கண்டேன்டா" என்று சொன்னால் போதும். ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். "செத்த மாதிரி கண்டா ஆயுசு கெட்டி" என்பான் ஒருவன். "விடியக்காலைக் கனவு பலிக்கும், பார்த்து நடந்துக்க" என்பான் இன்னொருவன். ஒரே கனவுக்கு இரண்டு பலன், அதுவும் நேர் எதிராக! உண்மையில் சாவுக் கனவுக்கு ஏதாவது பொருள் உண்டா? பௌத்த நூல்கள் இதற்கு என்ன விடை தருகின்றன என்று பார்ப்போம்.

கனவு ஏன் வருகிறது?

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பகுதியை ஆண்ட கிரேக்க மன்னர் மெனாண்டர். பௌத்தர்கள் இவரை மிலிந்தன் என்பார்கள். இவர் கேள்வி கேட்க, நாகசேனர் என்ற பிக்கு பதில் சொல்வதாக அமைந்த பாலி மொழி நூல்தான் 'மிலிந்த பஞ்ஹ'. கனவு என்றால் என்ன, அதைக் காண்பவர் யார் என்று மன்னர் அதில் கேட்கிறார்.

கனவு காண்பவர்கள் ஆறு வகை என்கிறார் நாகசேனர். வாதம் மிகுந்தவர், பித்தம் மிகுந்தவர், கபம் மிகுந்தவர், தெய்வத் தூண்டலால் காண்பவர், பழகிய செயலையே திரும்பக் காண்பவர், வரப்போவதன் முன்குறியாகக் காண்பவர். இந்த ஆறில் கடைசி ஒன்று மட்டுமே மெய், மற்ற ஐந்தும் பொய் என்கிறார். அந்த முன்குறியும் கண்ணாடியில் நிழல் விழுவது போலத் தானாக வந்து விழுகிறதாம். அதன் பலன் என்ன என்று கண்டவருக்கே தெரியாதாம்!

பிற்காலத்தில், கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், இலங்கை அநுராதபுரத்தில் இருந்து உரைகள் எழுதிய புத்தகோசர் இதை நான்கு காரணங்களாகச் சுருக்கினார். உடல் கோளாறு, முன்பு அனுபவித்தது, தெய்வம், முன்குறி. இவற்றில் முதல் இரண்டால் வரும் கனவுகள் பொய் என்பது அவர் முடிவு.

ஆக, பௌத்தம் கனவை முழுவதும் தள்ளிவிடவில்லை. ஆனால் ராத்திரி லேட்டாகப் பரோட்டா சாப்பிட்டுப் படுத்தவன் காணும் சாவுக் கனவுக்கும் எமனுக்கும் சம்பந்தம் இல்லை என்பது தெளிவு.

பலன் சொல்வது யார்?

கண்டவருக்கே பலன் தெரியாது என்றால் இன்னொருவரிடம்தானே போக வேண்டும்? ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஜாதகக் கதைகளில் 77-வது கதை இதைத்தான் சொல்கிறது.

கோசல மன்னர் பசேனதி ஓர் இரவில் 16 கனவுகள் கண்டார். நான்கு காளைகள் முட்ட வந்து முட்டாமலே திரும்பின. பசுக்கள் தம் கன்றுகளிடம் பால் குடித்தன. பாறைகள் தண்ணீரில் மிதந்தன. இப்படிப் போகின்றன அந்தக் கனவுகள். ஆனால் பலன் சொல்ல வந்த புரோகிதர்களோ, அரசுக்கும் உயிருக்கும் செல்வத்துக்கும் ஆபத்து என்றார்கள். பரிகாரமாக நாற்சந்திகளில் வேள்வி, விலங்குப் பலி என்று ஏற்பாடுகள் தொடங்கின. அரசி மல்லிகா தேவிதான், "புத்தரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்றாள். இக்கனவுகளால் உனக்கு ஒரு கேடும் இல்லை என்று புத்தர் விளக்கிச் சொன்னார். வேள்வி நின்றது, விலங்குகள் பிழைத்தன.

கனவுக்குப் பலன் சொல்லிப் பிழைப்பதைப் பிக்குகள் செய்யக்கூடாத இழிந்த தொழில்களில் ஒன்றாகப் பிரம்மஜால சூத்திரம் வைத்திருப்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில்

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். போன வருடம் நான் கரண்ட் அடித்துச் செத்துக் கிடப்பது போல என் அம்மா கனவு கண்டார். அதற்குச் சில மாதம் முன்புதான் எங்கள் தெருவில் மழையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஒருவர் இறந்திருந்தார். பலன் பார்க்கப் போன இடத்தில் "பையனுக்குக் கண்டம்" என்று சொல்லி, பரிகாரத்துக்கு ஒரு தொகை கேட்டார்கள். அது என் ஒரு செமஸ்டர் பீஸ். "இந்தக் கரண்ட்டுப் படிப்பே வேணாம்டா" என்று அம்மா அழுதார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

நான் மல்லிகா தேவி கதையைச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ராஜாவுக்குப் புத்தர் இருந்தாரு, உனக்கு யாருடா இருக்கா?" என்றார். அதற்கு நான் லேபில் செய்வதையெல்லாம் சொன்னேன். முதலில் மெயினை ஆஃப் செய்வோம், டெஸ்டர் வைத்துப் பார்ப்போம், ரப்பர் மேட் மேல் நிற்போம், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்றேன். பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் பீஸ் கட்டினோம். அந்த வாரமே கடன் வாங்கி ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்றும் வாங்கிக் கொடுத்தார்.

புத்தகோசர் கணக்கில் அம்மாவின் கனவு இரண்டாவது வகை. தெருவில் கண்ட சாவும் பிள்ளை மேல் உள்ள பாசமும் சேர்ந்து தூக்கத்தில் வந்தன.

விழித்திருக்கும்போது நினைப்போம்

சாவை நினைக்கவே கூடாது என்றும் பௌத்தம் சொல்லவில்லை. 'மரணசதி' என்ற தியானமே இருக்கிறது. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் பிக்குகளுக்குச் சொல்கிறார்: பொழுது சாயும்போது யோசித்துப் பார். பாம்பு கடிக்கலாம், தேள் கொட்டலாம், தடுக்கி விழலாம், உண்டது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்றிரவே இறந்தால் என்னிடம் இன்னும் விடாத தீய குணம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், தலையில் தீப்பற்றியவன் அதை அணைக்க எப்படித் துடிப்பானோ அப்படி முயன்று அதை விட்டுவிடு.

ஆகவே நண்பர்களே! சாவுக் கனவு வந்தால் பலன் கேட்டு அலைய வேண்டாம், பணத்தை இழக்க வேண்டாம். முகம் கழுவிவிட்டு இரண்டே கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? மனதில் எந்தப் பயம் தங்கியிருக்கிறது? பிறகு யாரிடமாவது சண்டை போட்டிருந்தால் போய்ப் பேசுங்கள், வாங்கிய கடனைக் கொடுங்கள், பேனலில் கை வைக்கும் முன் ஃபியூஸைப் பிடுங்குங்கள். மற்றதைக் கனவு பார்த்துக் கொள்ளட்டும்!