துளசி வாசமும் கொசுவும்

மாணவர்களே! வாசலில் துளசியும் கொல்லையில் நொச்சியும் வைத்தால் கொசு அண்டாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் துளசி மாடம் உள்ள வீட்டில் கொசுவே இருக்கக் கூடாதல்லவா? ஆனால் இருக்கிறதே! இதன் காரணத்தை ஆராய்வோம்.

கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. முட்டைகள் வளர அவற்றுக்கு இரத்தம் தேவை. நாம் வெளிவிடும் கரியமில வாயு, வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு அவை நம்மைத் தேடி வருகின்றன. உணர்கொம்புகளே அவற்றின் மூக்கு என்று சொல்லலாம். சில தாவர எண்ணெய்களின் ஆவி அந்த 'மூக்கை'க் குழப்பிவிடுகிறது. துளசியில் யூஜினால், சிட்ரோனெல்லா புல்லில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் போன்றவை இத்தகைய பொருள்கள்.

ஆவி என்றதும் பௌதிகம் வந்துவிடுகிறது. துளசி இலையைத் தொடாமல் முகர்ந்து பாருங்கள், மணம் குறைவு. கசக்கி முகருங்கள், மணம் கம்மென்று எழும். எண்ணெய் இலையின் நுண்ணிய சுரப்பிகளுக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கும்போது சுரப்பிகள் உடைந்து, எண்ணெய் காற்றில் பட்டு ஆவியாகிறது. தொட்டியில் சும்மா நிற்கும் செடி வெளிவிடும் ஆவி மிகச் சொற்பம். அதையும் காற்று அடித்துச் சென்றுவிடும். எனவே செடி நிற்பதாலேயே கொசு ஓடிவிடாது.

கசக்கிய சாற்றைப் பூசிக்கொண்டால் என்ன? ஓரளவு பலன் உண்டு, ஆனால் நீடிக்காது. எளிதில் ஆவியாகும் பொருள் எளிதில் தீர்ந்தும் போகும். இதை ஒரு சோதனையால் அறியலாம். இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விடுங்கள். மற்றதில் இரண்டு சொட்டுத் தைலத்தைப் பத்துச் சொட்டுத் தேங்காய் எண்ணெயுடன் கலந்து விடுங்கள். கால் மணிக்கு ஒரு முறை முகர்ந்து, எதில் மணம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எளிதில் ஆவியாகாத தேங்காய் எண்ணெயுடன் கலந்ததால் தைலத்தின் ஆவியழுத்தம் குறைகிறது. அது மெல்ல வெளியேறுகிறது.

இயற்கைப் பொருளையே சற்று மாற்றியும் இந்தப் பலனைப் பெறலாம். எலுமிச்சை மணமுள்ள ஒருவகை யூகலிப்டஸ் இலையின் எண்ணெயில் சிட்ரோனெல்லால் மிகுதி. அதன் மூலக்கூறுடன் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் பி.எம்.டி. என்ற பொருள் கிடைக்கிறது. இதிலுள்ள இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே இது மெதுவாகவே ஆவியாகி, பல மணி நேரம் கொசுவை விலக்குகிறது. கடையில் விற்கும் சாதாரண நீலகிரித் தைலம் வேறு மரத்தினுடையது. அதற்கு இந்தத் திறன் இல்லை. எந்தத் தைலத்தையும் நேராகத் தோலில் பூசாதீர்கள், எரிச்சல் உண்டாகலாம். குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம்.

நொச்சி, வேப்பிலைப் புகை போடும் வழக்கமும் உண்டு. புகை கொசுவை விரட்டும். ஆனால் அதன் நுண்துகள்கள் நம் நுரையீரலுக்கும் கேடு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்க வேண்டும். மின்விசிறி இதைவிட நல்லது. கொசு மணிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். விசிறியின் காற்றை எதிர்த்து வர அதனால் இயலாது. மேலும் நம் மூச்சின் கரியமில வாயுவும் கலைந்துவிடுவதால் கொசுவுக்கு வழி தெரியாது.

கடைசியாக, முக்கியமான ஒன்று. துளசித் தொட்டியின் அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? அதில் தேங்கும் தண்ணீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்! முட்டை கொசுவாவதற்குச் சுமார் 10 நாள்களே போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றையும் பாருங்கள்.

துளசியை வளருங்கள், அதன் அடியிலும் ஒரு கண் இருக்கட்டும்!