தரையும் தரையோடும்

உணவும் உடையும் நாள்தோறும் மாற்றிக்கொள்ளத்தக்கன. உறையுளோ பெரும்பாலார்க்கு வாழ்நாளில் ஒருமுறையே வாய்ப்பது. அவ்வுறையுளிலும் கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். சுவரின் பூச்சு உதிர்ந்தால் மீளப் பூசலாம். தரை பழுதுற்றாலோ, வீட்டுப் பொருளெல்லாவற்றையும் வெளியேற்றி, உடைத்து, மீளவும் இடவேண்டும். அதற்காகும் செலவு முதலில் இட்ட செலவினும் மிகும். ஆகவே தரைக்குரிய பொருளைத் தேர்தல் அழகுணர்ச்சியோடு மட்டும் அமையாது, ஆராய்ச்சியோடும் செய்யத்தக்க செயலாகும்.

நானாட்டான், முருங்கன், வங்காலை முதலிய நம் ஊர்களுக்கு இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டப்படுவது. போரினால் இடம்பெயர்ந்து மீண்டோர் பலர் உதவித்திட்டங்களின் துணைகொண்டு வீடு கட்டினர். 2012 ஆம் ஆண்டு அக்டோபரில், பயனாளிகள் தாமே கட்டிக்கொள்ளும் முறையில் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், புதுவீடு ஒன்றிற்கு 550,000 ரூபாய் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அத்தொகை சுவருக்கும் கூரைக்கும் முடிய, சீமெந்துத் தரையோடு குடிபுகுந்தோர் பலர். அவருள் இயன்றவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக்கொண்டோ, கடல்கடந்த மக்கள் அனுப்பிய பணத்தைக்கொண்டோ, இன்று 'ரைல்ஸ்' எனவும் 'மாபிள்' எனவும் வழங்கும் தரையோடு பதிக்கின்றனர். அப்பணம் வீணாகாதிருக்க வேண்டுமாயின், கடைக்குச் செல்லுமுன் காலின் கீழுள்ள மண்ணை அறிதல் வேண்டும். தரையோட்டைத் தேருமுன் தரையைத் தேர்க என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மண்ணின் இயல்பு

முருங்கனைச் சூழ்ந்த நிலத்தின் கரிய களிமண்ணைப் புவியியலார் குறுமுசோல் என்னும் வகையுள் அடக்குவர். நெல்லுக்கு உகந்த இம்மண் மாரியில் நீரை உண்டு பருக்கும். கோடையில் நீரை இழந்து சுருங்கிக் கை நுழையுமளவிற்குப் பிளக்கும். இதிலுள்ள நுண்ணிய களித்துகள்கள் ஏடுகளை அடுக்கினாற் போன்ற அமைப்புடையன. ஏடுகளின் இடையே நீர் புகுந்தால் விலகும், நீர் நீங்கினால் நெருங்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நனைந்தும், ஏனைய மாதங்களிற் காய்ந்தும் வரும் நம் பகுதியில் இவ்வசைவு ஆண்டுதோறும் நிகழ்வது. வீட்டின் நடுப்பகுதி கூரையின் கீழ் ஒரே நிலையில் இருக்க, சுவரோரம் மட்டும் உயர்ந்து தாழ்தலால், தரை வெடிக்கின்றது.

இங்கு ஒரு செய்தி நினைக்கத்தக்கது. 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணக்கல் அவ்வூரிலேயே கிடைத்தது. களிமண்ணோ முருங்கனிலிருந்து புகைவண்டியிற் சென்றது. உலையில் வெந்து சீமெந்தாகியபோது கல்லைப் பிணித்த அதே மண், வேகாது நம் அறையின் கீழ்க் கிடக்கும்போது சீமெந்துத் தரையைப் பிளக்கின்றது.

கடற்கரையை அணுகும்போதும் மன்னார்த் தீவிலும் மணல் மிகும். மணல் பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஆயினும் அங்கு உவர்நீர் அண்மையில் இருத்தலால், ஈரமும் உப்பும் மேலேறித் தரையில் வெண்மையாய்ப் பூக்கும், சாந்தையும் அரிக்கும். எனவே களிநிலத்தார்க்கு அசைவும், கரையோரத்தார்க்கு உவரும் முதற்பகை என்க.

பழந்தரைகள் கற்பிக்கும் பாடம்

நம் மூதாதையர் மண்ணைத் திமிசால் இடித்து இறுக்கிச் சாணமிட்டு மெழுகினர். அத்தரை மண்ணோடு மண்ணாய் அசைந்தது. வெடிப்பு விழுந்தால் அடுத்த மெழுகலில் மறைந்தது. அது வலியதன்று; ஆனால் பழுதைத் தானே பொறுத்துக்கொள்ளும் இயல்பினது. பின்னர் வந்த சீமெந்துத் தரையும், செந்நிறப்பொடி கலந்து பளபளக்கத் தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரையும் வலியன, எனினும் வளையாதன. தரையோடு அவற்றினும் வலிது, வளைதலோ சிறிதுமில்லாதது. பொருள் வலிமை பெறுந்தோறும் அதன் கீழுள்ள நிலத்தின் உறுதியை அது மிகுதியாக வேண்டி நிற்கின்றது. புதுப்பொருளை ஏற்று, பழைய நிலத்தையே அதற்கு அடியாக விடுவோமாயின் வெடிப்பை நாமே விலைகொடுத்து வாங்கியவராவோம்.

அடித்தளம் அமைக்கும் முறை

களிநிலத்தில் வீடு கட்டுவோர் அறைகளின் உள்ளே கரிய மண்ணை இயன்ற ஆழம் அகழ்ந்தெடுத்து, அவ்விடத்தைக் கிறவலால் நிரப்புதல் நன்று. ஒரேமுறையிற் கொட்டாது, ஆறு அங்குலப் படைகளாக இட்டு, அளவாய் நனைத்து, ஒவ்வொரு படையையும் இடித்திறுக்க வேண்டும். அகழ்ந்த களிமண்ணையே மீள இட்டு நிரப்புதல் ஒருபோதும் ஆகாது. அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, மூன்று அல்லது நான்கு அங்குலக் கொங்கிறீற்று இடுக. பொலித்தீன் விரிப்பு ஈரத்தையும் உவரையும் தடுக்குமாதலின் கரையோரத்தார்க்கும் இன்றியமையாதது. சாந்திற்குக் கழுவாத கடல்மணலும் உவர்க்கிணற்று நீரும் விலக்கத்தக்கன.

வெளியே, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்திற்குச் சாய்வான சீமெந்துத் தளமிட்டு, கூரைநீர் சுவரோரம் தேங்காது ஓடச் செய்க. பெருமரங்கள் வேரால் நீரை உறிஞ்சிக் களியைச் சுருக்குமாதலின், அவை சுவருக்கு அண்மையில் வேண்டா. இவற்றிற்காகும் செலவு கண்ணுக்குத் தோன்றாதது; ஆயினும் ஓட்டின் ஆயுளை அளப்பது இச்செலவேயாகும்.

முன்னரே கட்டிய வீட்டில் தரை வெடித்திருப்பின், உடனே ஓடு பதித்து மறைத்தல் தவறு. வெடிப்பின் இருமருங்கும் குறியிட்டு, ஒரு மாரியும் ஒரு கோடையும் அதன் அகலத்தை அளந்து வருக. அகலம் மாறாவிடின் நிலம் அமைந்துவிட்டது எனக் கொள்ளலாம். மாறுமாயின் முதலில் நீர்வடிகாலைத் திருத்துக; அதுவரை சீமெந்துத் தரையே போதும்.

ஓட்டின் வகைகள்

மெருகிட்ட பீங்கான் இக்கரைக்குப் புதிதன்று. 1980 முதல் 1984 வரை மாந்தையில் நடந்த அகழ்வாய்வில், ஆயிரமாண்டுக்கு முன்னர்ச் சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த கலங்களின் உடைவுகள் கிடைத்தன. அன்று கலமாக வந்த பொருள் இன்று தரையாகின்றது. அதன் தரத்தை அளக்கும் முதற்கோல் அது உறிஞ்சும் நீரின் அளவாகும்.

ஐ. எஸ். ஓ. 13006 என்னும் சர்வதேச நியமத்தின்படி, தன் நிறையில் நூற்றுக்கு 0.5 பங்கிற்கு மேல் நீர் உறிஞ்சாத அழுத்தி வார்த்த ஓடு போசலீன் வகையினது. நூற்றுக்கு 10 பங்கிற்கு மேல் உறிஞ்சுவது பெரும்பாலும் சுவருக்கே உரியது. விலை குறைவென்று சுவரோட்டைத் தரையில் இடுவோர் விரைவில் வருந்துவர். உவர்நிலத்திலும், வெள்ளம் ஏறக்கூடிய தாழ்நிலத்திலும் குறைவாக உறிஞ்சும் ஓடே தக்கது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலோடு வந்த பெருவெள்ளத்தை அறிந்த நம்மவர்க்கு, நீரில் ஊறி உப்பும் மரத்தூட் பலகைத் தரைகள் பொருந்தா எனக் கூறவேண்டுவதில்லை.

இரண்டாவது கோல் தேய்வு. மெருகிட்ட ஓடுகளைத் தேய்வுநிலைக்கேற்ப 0 முதல் 5 வரை வகுப்பர். முற்றத்து மணல் காலோடு வரும் நம் வீடுகளில் மணலே மெருகைத் தேய்க்கும் அரம். ஆதலின் முன்னறைக்கும் விறாந்தைக்கும் 4 ஆம் வகுப்பு நன்று. படுக்கையறைக்கு 3 அமையும்.

மூன்றாவது கோல் வழுக்கல். கண்ணாடிபோல் மின்னும் ஓடு கடையில் மனத்தைக் கவரும்; நனைந்தபின் முதியோரை வீழ்த்தும். முதுமையில் இடுப்பெலும்பு முறிதல் பலரைப் படுக்கையிற் கிடத்திவிடுவது. குளியலறை, அடுக்களை, மழைச்சாரல் விழும் விறாந்தை, வாயிற்படி ஆகிய நான்கிடத்தும் சொரசொரப்பான ஓட்டையே இடுக. வாங்குமுன் ஓட்டின்மேல் நீர் தெளித்துக் காலாற் சோதித்தல் எளிய முறை.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்கள் வேறு வகையின. அவை சுடப்படுவதில்லை; கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சாந்தூற்றி, மணலும் சீமெந்தும் இட்டு, நீரில் ஊறவைத்து ஆக்கப்படுவன. நாளாக நாளாகப் பொலிவுறும் தன்மையன. ஆயினும் சீமெந்துத் தரைக்கும் அவற்றிற்கும் புளியும் எலுமிச்சைச் சாறும் ஆகா.

கணக்கும் பதிப்பும்

பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி அகலமுமுடைய அறையின் பரப்பு 120 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு ஒன்று 4 சதுர அடி. ஆகவே வேண்டுவன 30. வெட்டுச் சேதத்திற்கு நூற்றுக்குப் பத்தாக 3 கூட்ட, 33 ஆகும். பெட்டிகளெல்லாம் ஒரே தொகுதி எண்ணுடையனவா எனப் பார்த்து வாங்குக. இன்றேல் நிறம் வேறுபடும். பின்னைத் திருத்தத்திற்குச் சில ஓடுகளை எடுத்துவைத்தலும் நன்று.

கொங்கிறீற்று இட்டு 28 நாளேனும் ஆறியபின்னரே பதித்தல் வேண்டும். மேசன்மாருட் சிலர் ஓட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் சாந்து வைத்து அமுக்குவர். இடைவெளியிற் பாரம் விழுந்தால் அவ்வோடு உடையும். அடி முழுதும் சாந்து பரவவேண்டும். மறுநாள் மரக்கட்டையால் தட்டினால் வெற்றோசை எழலாகாது. ஓடுகளை ஒட்டி நெருக்காது இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவிட்டு, கிறவுட் என்னும் சாந்தால் நிரப்புக. சுவரோரம் விரற்கடை அளவு இடம்விட்டு, சுவரடி ஓட்டால் மறைக்க. இவ்விடைவெளிகள் குறையல்ல, ஓடு வெப்பத்தால் விரிதற்கும் நிலம் சிறிதசைதற்கும் நாம் விடும் இடம்.

மாணவர்க்கு இரு சோதனைகள்

உலர்ந்த களிமண்ணைப் பொடித்துச் சலித்துப் பத்துக் கிராம் வீதம் இரண்டு அளவுச் சாடிகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 கனசதமமீற்றர் மட்டத்திற்கு ஊற்றுக. கலக்கி ஒரு நாள் விடுக. மண்ணெண்ணெயில் மண் பருப்பதில்லை. நீரிற் படிந்த மண்ணின் கனவளவு மற்றதனினும் எவ்வளவு மிகுந்ததென நூற்றுவீதம் காண்க. 50 இற்கு மேற்படின் அம்மண்ணில் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்து, உலர்ந்த ஓட்டுத்துண்டை நிறுத்து, நீரில் ஒருநாள் ஊறவைத்து, துடைத்து மீள நிறுக்க. 1000 கிராம் 1080 கிராமாயின் அது நூற்றுக்கு 8 பங்கு நீர் உறிஞ்சியதாகும். சர்வதேச நியமத்தின் சோதனை இதனினும் கடியது. ஆயினும் இரண்டு ஓடுகளை ஒப்பிடுதற்கு இது சாலும்.

வீடு கட்டும் பெற்றோர்க்கு இச்சோதனைகளைச் செய்து காட்டும் மாணவன், பாடநூலிற் கற்றதைக் குடும்பத்தின் பணத்தைக் காக்கும் கருவியாக்குகின்றான். நிறத்தையும் பூவேலைப்பாட்டையும் அதன்பின் அவரவர் விருப்பம்போல் தேர்ந்துகொள்க. மண், நீர், கால் என்னும் மூன்றிற்கும் விடை கண்டபின் செய்யும் அத்தெரிவே நிலைத்து மகிழ்ச்சி தருவதாகும்.