மழை வந்தால் திரும்பும் வாடை

அன்புள்ள வாசகிக்கு,

எத்தனை முறை கழுவினாலும் ஐப்பசி அடைமழையில் பூனை மூத்திர வாடை கூடத்தில் மறுபடி கிளம்புகிறது, பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கழுவும் முறையை மாற்றினாலே வாடை போய்விடும்.

பூனையின் சிறுநீரில் உள்ள யூரியா தண்ணீரோடு போய்விடும். யூரிக் அமிலம் அப்படியல்ல. லேசில் கரையாமல், நுண்ணிய படிகமாகத் தரை இடுக்கிலும் மெத்தைப் பஞ்சிலும் தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறியதும் வாடை எழும்பும். கோடையில் உங்களுக்குத் தொல்லை இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் பினாயிலை நிறுத்துங்கள். கறுப்பு பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. அவற்றை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்; சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சு வாயு உண்டாகும். பலரும் சொல்லும் வினிகர் உங்கள் மொசைக் தரைக்கு ஆகாது. மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லுகளை அமிலம் அரித்து, பளபளப்பில்லாத திட்டுகளை விட்டுவிடும்.

செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் கேட்டு வாங்குங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சைச் சுவர் ஓரமாகப் பிடியுங்கள். கறை மங்கிய மஞ்சளாக ஒளிரும். நீங்கள் நினைத்தே பார்க்காத மூலையில்கூட இருக்கும். அந்த இடத்தில் மிச்சமிருக்கும் பினாயிலை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் என்சைம் வேலை செய்யாது. பிறகு கிளீனரைத் தாராளமாக ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம்வரை காயாமல் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். உடனே துடைத்துவிட்டால் பயனில்லை. பழைய கறைக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம்.

இலவம்பஞ்சு மெத்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆழமாக ஊறியிருந்தால் மெத்தை தைப்பவரிடம் கொடுத்து, அந்தப் பக்கத்துப் பஞ்சை எடுத்துவிட்டுப் புதிது அடைக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது ஆண் பூனை என்பதால் இன்னொன்று. கருத்தடை செய்யாதிருந்தால் செய்துவிடுங்கள். சுவரில் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். அடிக்கடி முக்கியும் சொட்டுச் சொட்டாகவே போனால் அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. மறுநாள்வரை காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்